பூண்டு அறையில் ஒரு பட்டறை

"உடனே புறப்பட்டு வா. உன் அத்தானுக்கு யந்திரப் பித்துப் பிடித்திருக்கிறது. நான் சொன்னால் காதில் ஏறவில்லை. நீ வந்து சொன்னாலாவது கேட்கிறாரா பார்ப்போம்."

அக்காவிடமிருந்து கைபேசியில் இப்படி ஒரு செய்தி வந்தால் எந்தத் தங்கைக்குத்தான் இருப்புக் கொள்ளும்? மறுநாள் விடியற்காலையில் மதுரையில் பஸ் ஏறினேன். கொடைக்கானலில் இறங்கி, வேறு பஸ் மாறி, பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் கடந்து கவுஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. மலைச் சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்கள். அவற்றில் உருளைக்கிழங்கும் காரட்டும் பூண்டும். எதிர் மலையை மூடுபனி பாதி விழுங்கியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கை தானாகச் சால்வையைத் தேடியது.

அத்தான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டனார் கட்டிய வீடு கவுஞ்சியில் பல வருஷங்களாகப் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து வெள்ளையடித்து இருவரும் குடி வந்துவிட்டார்கள். வீட்டை ஒட்டினாற்போல் ஓர் அறை. 14 அடி நீளம், 10 அடி அகலம். அந்தக் காலத்தில் பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டிருந்த அறை. கொடைக்கானல் மலைப் பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது அல்லவா? அந்தப் பூண்டின் வாசனை இன்னும் அந்தச் சுவர்களை விட்டுப் போகவில்லை.

அந்த அறையைத்தான் அத்தான் மரப் பட்டறையாக்கப் போகிறாராம்!

"பேத்திக்கு நடைவண்டி செய்யவேண்டும் என்று ஆரம்பித்தார்" என்றாள் அக்கா, காப்பியை என் கையில் கொடுத்துக்கொண்டே. "கடையில் வாங்கினால் ஆகாதா என்றேன். ஆகாதாம். சரி, ஆசைதானே என்று விட்டேன். இப்போது என்னடா என்றால், தபால் ஆபீஸில் போட்டு வைத்திருக்கும் பணத்தில் பாதியை எடுத்து ஒரு யந்திரம் வாங்கப் போகிறாராம். நடைவண்டி ஓட்டப்போகிற குழந்தைக்கு வயது பத்து மாதம். யந்திரத்தின் எடை முந்நூறு கிலோ!"

அத்தான் சிரித்துக்கொண்டே ஒரு வர்ண விளம்பரப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். வழவழப்பான தாளில் யந்திரத்தின் படம். அறுக்கலாம், இழைக்கலாம், பலகையின் கனத்தைச் சீராக்கலாம், துளை போடலாம், ஓரங்களில் அலங்கார வரி போடலாம். ஐந்து வேலைக்கும் ஒரே யந்திரம்.

"இடம் மிச்சம், பணம் மிச்சம். ஐந்து யந்திரம் தனித்தனியாக வாங்கினால் இந்த அறை போதுமா, நீயே சொல்" என்றார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு மட்டும் தெரியுமா, சகோதரிகளே? ஆனால் நம் சமையலறையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். இதே கேள்வியை நாம் என்றோ சந்தித்துவிட்டோம்.

சமையலறையில் நடந்த அதே வழக்கு

இட்லி மாவுக்கு வெட் கிரைண்டர், சட்னிக்கு மிக்ஸி என்று நம்மில் பலர் இரண்டு யந்திரம் வைத்திருக்கிறோம். மிக்ஸியிலேயே மாவு அரைக்க முடியாதா? முடியும். ஆனால் நிதானமாகச் சுற்றும் கல் அரைத்துக் கொடுக்கும் மாவு வேறு, வேகமாகச் சுற்றும் கத்தி வெட்டிக் கொடுக்கும் மாவு வேறு. மாவு சூடேறுவதும் பொங்காமல் போவதும் நமக்குத் தெரியும். ஆகவே அங்கே இரண்டு யந்திரம் தேவை.

ஆனால் அதே கிரைண்டரில் தேங்காய் துருவும் இணைப்பு வருகிறது. சப்பாத்தி மாவு பிசையும் இணைப்பு வருகிறது. அவற்றை யாரும் குறை சொல்வதில்லை. ஏன்? மாவு அரைத்து முடித்த பிறகுதான் தேங்காய் துருவப் போகிறோம். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை மாட்டுவதில் எந்த வேலையும் கெடுவதில்லை.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் கண்ணில் ஒரு பளிச்சென்ற ஒளி. "அப்படியானால், ஒன்றா ஐந்தா என்பது கேள்வி இல்லை. எதோடு எது சேரும் என்பதுதான் கேள்வி, இல்லையா?" என்றாள்.

அன்றிரவு பாத்திரம் தேய்க்கும்போது அவள் சொன்ன அந்த வார்த்தைதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

கப்பலும் கார் கொட்டகையும்

அத்தான் வாத்தியார் அல்லவா? சரித்திரம் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மறுநாள் காலைச் சிற்றுண்டியின்போது இரண்டு கதைகள் சொன்னார்.

முதல் கதை இங்கிலாந்தில் நடந்தது. பாய்மரக் கப்பல்களில் கயிறு ஓடுவதற்கு மரக் கப்பிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. 1800-களின் தொடக்கத்தில் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் அவற்றைச் செய்ய 45 யந்திரங்களை நிறுவினார்கள். திட்டம் மார்க் பிரூனலுடையது. யந்திரங்களைச் செய்து கொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லே. ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரே வேலை. ஒன்று துளை போடும், அடுத்தது மூலை எடுக்கும், அதற்கடுத்தது வழவழப்பாக்கும். 110 தேர்ந்த தொழிலாளிகள் செய்த வேலையை அங்கே 10 பேர் செய்தார்கள். 1808-ல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் வெளிவந்தன.

இரண்டாவது கதை அமெரிக்காவில் நடந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு வீட்டுச் சாமான்களைத் தாமே செய்துகொள்ளும் ஆசை. இடமோ கார் நிறுத்தும் கொட்டகைதான். ஜெர்மனியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் இதற்காக ஒரு யந்திரத்தை உருவாக்கினார். 'ஷாப்ஸ்மித்' என்ற பெயரில் அது 1947-ல் விற்பனைக்கு வந்தது. ஒரே மோட்டார், அதுவே ரம்பம், அதுவே கடைசல், அதுவே துரப்பணம், அதுவே உப்புத்தாள் தேய்க்கும் தட்டு.

"பார்த்தாயா? தொழிற்சாலைக்குத் தனித்தனி, வீட்டுக்கு ஒன்றே ஒன்று!" என்று முடித்தார் அத்தான், வழக்கில் ஜெயித்துவிட்டவர் போல.

அக்கா தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்: "அவர்கள் கொட்டகையைப் பற்றி எனக்குத் தெரியாது. நம் பூண்டு அறையைப் பற்றிக் கேட்க, ஊர்ப் பெரிய ஆசாரியாரை வரச் சொல்லியிருக்கிறேன்."

பலகை நடக்கும் பாதை

ஆசாரியார் எழுபதைத் தாண்டியவர். உளியும் இழைப்புளியும் கொட்டாப்புளியுமாக வாழ்ந்தவர். விளம்பரப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு திண்ணையில் கிடந்த எட்டடிப் பலகையைக் காட்டி, "வாத்தியார் ஐயா, அந்தப் பக்கத்தைப் பிடியுங்கள்" என்றார். இருவரும் பலகையைப் பூண்டு அறைக்குள் கொண்டு போனார்கள்.

"இங்கேதானே யந்திரம் நிற்கப் போகிறது? சரி. பலகையின் தலை கத்தியிடம் வரட்டும். இப்போது பின்னால் எட்டடி வேண்டும். வால் கத்தியைத் தாண்டும்போது முன்னால் எட்டடி வேண்டும். மொத்தம் பதினாறு. அறை எத்தனை அடி?"

"பதினாலு" என்றார் அத்தான். குரல் சற்று இறங்கியிருந்தது.

"யந்திரத்துக்கு இடம் பார்த்தீர்கள். பலகைக்கு யார் இடம் பார்ப்பது?" என்று கேட்டுவிட்டு ஆசாரியார் வெற்றிலையை மடித்தார்.

எவ்வளவு எளிய விஷயம்! மேஜை வாங்கும்போது நாற்காலியைப் பின்னுக்கு இழுக்க இடம் பார்க்கிறோம். பீரோ வாங்கும்போது கதவு திறக்க இடம் பார்க்கிறோம். யந்திரம் வாங்கும்போது மட்டும் அது நிற்கும் இடத்தை அளந்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

பல வேலை யந்திரத்துக்கு இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். அறுக்கும்போது பலகை ஒரு திசையில் போகும். இழைக்கும்போது வேறு பக்கம் போகும். துளை போடும்போது பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஆகவே அதைச் சுவரோரம் தள்ளி வைக்க முடியாது. அறையின் நடுவில் நாலு பக்கமும் இடம் விட்டு நிறுத்த வேண்டும். அதிக எடையுள்ளது என்பதால் நினைத்தபடி நகர்த்தவும் முடியாது. சிறிய தனி யந்திரங்களோ, அடியில் சக்கரம் வைத்துவிட்டால், நம் வீட்டுத் தொட்டில் மாதிரி ஓரமாக ஒதுங்கும். தேவையானதை மட்டும் வாசலுக்கு நேராக இழுத்து வைத்துச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டால், மிச்ச நீளத்தை வாசல் கொடுத்துவிடும்.

"இடம் மிச்சம்" என்ற வாதத்தில் பாதி அங்கேயே சாய்ந்தது. பாதிதான்! ஐந்து பெரிய தனி யந்திரங்களுக்கும் அந்த அறை போதாது என்பதும் உண்மைதானே?

பத்துச் சாமான் பட்டியல்

அக்கா அடுத்த காரியத்தைச் செய்தாள். மளிகைக் கணக்கு நோட்டை எடுத்து வந்தாள்.

"வருகிற இரண்டு வருஷத்தில் நீங்கள் செய்யப்போகிற சாமான் பத்துச் சொல்லுங்கள். ஆசைப்படுவதை அல்ல, செய்யப்போவதை."

அத்தான் யோசித்து யோசித்துச் சொன்னார். நடைவண்டி, புத்தக அலமாரி, ஊஞ்சல் பலகை, இரண்டு மணை, முக்காலி, கொலுப்படி, பூண்டுப் பெட்டி, ஜன்னல் கதவு, சாமி மாடம், சின்ன மேஜை.

ஒவ்வொன்றுக்கும் எதிரே என்னென்ன வேலை என்று ஆசாரியார் சொல்லச் சொல்ல, அக்கா புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் கூட்டிப் பார்த்தோம். அறுப்பு, பத்துக்கும் தேவை. இழைப்பும் கனம் சீராக்கலும் எட்டுக்குத் தேவை. துளை ஒன்பதுக்கு. ஒரு சட்டத்தில் சதுரத் துளை எடுத்து இன்னொன்றின் நாக்கைச் செருகும் இணைப்பு நாலுக்கு. ஓரத்தில் அலங்கார வரி? சாமி மாடம் ஒன்றுக்கு மட்டும். கடைசல்? நடைவண்டிச் சக்கரத்துக்கு மட்டும்.

"ஒரு மாடத்துக்காக வரி போடும் யந்திரமா?" என்றாள் அக்கா.

"அதைக் கை ரூட்டராலேயே போட்டுவிடலாம் அம்மா. சதுரத் துளை நாலு சாமானுக்குத்தானே? உளியாலேயே எடுக்கலாம். நான் கற்றுத் தருகிறேன். சக்கரத்தைக் கடைசல்காரரிடம் கொடுத்தால் ஒரு பொழுதில் முடித்துத் தருவார்" என்றார் ஆசாரியார்.

ஐந்து யந்திரம் நாலாகச் சுருங்கியது. அதற்காக நாங்கள் செலவழித்தது ஒரு நோட்டுத் தாளும் கொஞ்சம் மையும்தான்!

எதோடு எது சேரும்?

இனி அந்த நாலில் எது எதோடு சேரலாம்? இதைப் புரிந்துகொள்ள, ஒரு பலகை சாமானாகும் வரிசை தெரிய வேண்டும்.

கடையிலிருந்து வரும் பலகை நேராக இராது. மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும், அப்போது முறுக்கிக்கொள்ளும். சமவெளியில் அறுத்த பலகையைக் கவுஞ்சியின் மூடுபனிக்குக் கொண்டுவந்தால் அது தன் பாட்டுக்கு ஒரு புது வடிவம் எடுக்கும். ஆகவே வாங்கிய பலகைகளை இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, சில வாரங்கள் அந்த அறைக் காற்றுக்கே பழக விடவேண்டும். (மலையில்தான் மரத்துக்குப் பஞ்சமில்லையே என்று எண்ணாதீர்கள். மலைப் பகுதி மரங்களைக் காக்க 1955-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நினைத்தபோது கோடரி எடுக்க முடியாது.)

பிறகு முதல் வேலை, ஒரு முகத்தைத் தட்டையாக இழைப்பது. அடுத்து, அதற்கு நேர் செங்குத்தாக ஒரு விளிம்பை இழைப்பது. மூன்றாவது, இழைத்த முகத்தை அடியில் வைத்து எதிர் முகத்தை ஒரே கனமாக்குவது. அதன் பிறகே அகலத்துக்கும் நீளத்துக்கும் அறுப்பு, அப்புறம் துளை.

முகம் இழைப்பதும் கனம் சீராக்குவதும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, பார்த்தீர்களா? இரண்டுக்கும் வேண்டியது ஒரே சுழலும் கத்தி உருளை. மேல் மேஜையில் பலகையைத் தள்ளினால் முகம் இழையும். மேஜையைத் தூக்கிவிட்டு உருளைக்கு அடியில் செலுத்தினால் கனம் சீராகும். எல்லாப் பலகைகளுக்கும் முதல் வேலையை முடித்துவிட்டு, ஒரே ஒருமுறை மாற்றினால் போதும். இது கிரைண்டரும் தேங்காய்த் துருவியும் சேர்ந்த மாதிரி. தாராளமாகச் சேரலாம்.

ரம்பம் அப்படியல்ல. வேலையின் நடுவே பத்துத் தடவை அதனிடம் போக வேண்டியிருக்கும். அதில் பலகை ஒட்டிச் செல்லும் அணைப்பை ஓர் அளவுக்குப் பூட்டி வைத்திருப்போம். நடுவில் இழைப்புக்காக அதைக் கழற்றினால் அளவு கலைந்துவிடும். மறுபடி பூட்டும்போது மயிரிழை வித்தியாசம் வந்தாலும் அலமாரியின் ஐந்தாவது தட்டு மற்ற நாலோடு சேராது. இது இட்லி மாவுக்கும் சட்னிக்கும் ஒரே ஜாரைக் கழுவிக் கழுவி வைத்துக்கொண்டு காலை நேரத்தில் தவிக்கிற கதை. ரம்பம் தனியாக இருப்பதே நல்லது.

அக்கா கண்ட காட்சி

இவ்வளவுக்குப் பிறகும் அத்தானுக்கு அந்த விளம்பரப் படத்தின் மேல் ஆசை போகவில்லை. "ஒருமுறை நேரில் பார்த்துவிடுவோம்" என்றார். மூவருமாகக் கோயமுத்தூருக்குப் போனோம். வெட் கிரைண்டர் பிறந்த ஊர். மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன ஊர். ஒரு கடையில் ஐந்து வேலை யந்திரம் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். படத்தில் கண்டதைவிடச் சிறியது, மலிவானது.

கடைப் பையன் பலகையை இழைத்துக் காட்டினான். சுருள் சுருளாக மரம் வந்தது. அத்தான் மெய்ம்மறந்து நின்றார்.

அக்கா மட்டும் யந்திரத்தின் மறு பக்கம் போய் நின்றாள். "தம்பி, நீ அங்கே இழைக்கிறாய். இங்கே இந்த ரம்பம் ஏன் சும்மா சுற்றுகிறது?" என்று கேட்டாள்.

பையன் சிரித்தான். "ஒரே அச்சு அம்மா. மோட்டார் ஓடினால் எல்லாம் ஓடும்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும்தான். அத்தான் இழைப்பில் கண் வைத்துக் குனிந்திருப்பார். பக்கத்தில் மூடியில்லாத ரம்பம் சுற்றிக்கொண்டிருக்கும். பேத்தி தவழ்ந்து வாசலுக்கு வந்து "தாத்தா" என்று கூப்பிட்டால்?

அத்தான் ஒரு வார்த்தையும் பேசாமல் விளம்பரப் புத்தகத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

எல்லாப் பல வேலை யந்திரங்களும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல ரக ஐரோப்பிய யந்திரங்களில் ஒவ்வொரு வேலைக்கும் தனி மோட்டார் இருக்கும். ஒன்று ஓடும்போது மற்றது ஓடாதபடி தேர்வுச் சாவியும் இருக்கும். ஆனால் அவற்றின் விலையும் எடையும் வேறு. மலிவு ரகத்தில் ஒரே அச்சு, ஒரே மோட்டார் உள்ளவை உண்டு. வாங்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அக்கா கேட்ட கேள்விதான்.

விரல் பத்தும் பத்திரமாக

மர வேலையில் ஆபத்து எப்போது வருகிறது தெரியுமா? பெரும்பாலும் அவசரத்தில். ஒரு வேலைக்காகக் கழற்றிய கத்தி மூடியை, "ஒரே ஒரு வெட்டுத்தானே" என்று திரும்ப மாட்டாமல் விடும்போது. அடிக்கடி மாற்ற வேண்டிய யந்திரத்தில் இந்த ஆசை அடிக்கடி வரும். இது பல வேலை யந்திரத்தின் குறையாகப் புத்தகத்தில் அச்சாவதில்லை.

ஆகவே வீட்டில் பட்டறை வைக்கிறவர்கள் சில விதிகளைச் சுவரிலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது. அக்கா எழுதி ஒட்டியிருப்பவை இவை:

எதை மாற்றுவதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய தகட்டைக் கழற்றக் கூடாது. அறுத்த பிளவு மூடிக்கொண்டு ரம்பத்தைப் பிடித்தால், பலகை அறுப்பவர் மேலேயே பாய்ந்து வரும். அதைத் தடுப்பது அந்தத் தகடுதான்.

கத்திக்குப் பக்கத்தில் கை போகக் கூடாது. தள்ளுகோலால் தள்ள வேண்டும்.

கையுறை கூடாது. சுற்றும் கத்தி துணியைப் பிடித்தால் கையோடு இழுத்துவிடும். அதே காரணத்தால் புடைவைத் தலைப்பு, தொங்கும் சங்கிலி, வளையல், அவிழ்ந்த கூந்தல் எதுவும் அறைக்குள் வரக் கூடாது.

யந்திரம் ஓடும்போது யாரும் பின்னால் வந்து கூப்பிடக் கூடாது. வாசலில் நின்று விளக்கை அணைத்துப் போட்டால் போதும். அவர் நிறுத்திவிட்டுத் திரும்புவார்.

இன்னொன்று, தூள். மரத்தூள்தானே என்று அலட்சியம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995-ல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. தூள் உறிஞ்சும் குழாயும் முகக் கவசமும் அவசியம். பட்டறைக் கதவு சமையலறைப் பக்கம் திறக்காமல் இருப்பதும் அவசியம்.

மலைக்கு மேல் மின்சாரம்

ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட். 2 குதிரைச் சக்தி மோட்டார் முழு வேலை செய்யும்போது, 230 வோல்ட் வீட்டு இணைப்பில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஆகவே விளக்குப் போடும் சாதாரண பிளக்கில் மாட்டக் கூடாது. நல்ல எர்த் உள்ள தனி வயர் தேவை. பெரிய பல வேலை யந்திரங்கள் பலவும் மூன்று ஃபேஸ் கேட்கும். வீட்டில் இருப்பதோ ஒரு ஃபேஸ். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் பாரம் ஏற்றி ஓட்டினால் மோட்டார் சூடேறிக் கருகும்.

கருகினால் என்ன ஆகும்? இதுதான் கவுஞ்சி போன்ற ஊருக்கு முக்கியமான கேள்வி. ஒரே மோட்டார் என்றால் ஐந்து வேலையும் அன்றே நின்றுபோகும். முந்நூறு கிலோ யந்திரத்தை மலையிலிருந்து இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சிறிய தனி யந்திரமானால், காய்கறி ஏற்றிக் கீழே இறங்கும் வண்டியில் மூட்டையோடு மூட்டையாக அனுப்பிப் பழுது பார்த்து வாங்கிவிடலாம். மற்ற யந்திரங்கள் இங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

குளிர்ப் பிரதேசத்து ஈரத்தில் இரும்பு மேஜை சீக்கிரம் துருப் பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வாரம் ஒருமுறை துடைத்து மெழுகு தடவ வேண்டும். யந்திரம் ஒன்றானாலும் மூன்றானாலும் இந்த வேலைக்கு விலக்கில்லை.

யாருக்கு எது?

அப்படியானால் பல வேலை யந்திரமே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரே ஆள் வேலை செய்கிறவராய், நேரத்துக்குப் பறக்காதவராய், எல்லா அறுப்பையும் ஒரே நாளில் முடித்து அடுத்த நாள் அடுத்த வேலைக்குப் போகிற பொறுமையுள்ளவராய் இருந்தால், தனி மோட்டார்களும் நல்ல பூட்டுகளும் உள்ள யந்திரம் அவருக்கு ஏற்றது. நடுவில் நிறுத்த இடமும் வேண்டும். பழுது பார்க்கும் ஊர் பக்கத்தில் இருக்கவும் வேண்டும்.

ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அடிக்கடி போய் வருகிறவருக்கும், பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்க நினைக்கிறவருக்கும் தனித்தனியே நல்லது. முதலில் ரம்பம், வேலை பழகிய பிறகு இழைப்பு, பிறகு துரப்பணம். ஒன்று பிடிக்காவிட்டால் அதை மட்டும் விற்றுவிடலாம்.

அத்தான் கடைசியில் வாங்கியது என்ன? இழைப்பும் கனம் சீராக்கலும் சேர்ந்த யந்திரம் ஒன்று. மூடியும் பின் தகடும் உள்ள சிறிய மேஜை ரம்பம் ஒன்று. நிலையில் நிற்கும் துரப்பணம் ஒன்று. மூன்றுக்கும் அடியில் பூட்டுள்ள சக்கரம். எடுப்பதாக இருந்த பணத்தில் ஒரு பகுதி தபால் ஆபீஸிலேயே தங்கிவிட்டது. எவ்வளவு என்று அக்கா எனக்குச் சொன்னாள். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள்.

போன மாதம் மறுபடி கவுஞ்சிக்குப் போயிருந்தேன். வாசலில் கடகடவென்று சத்தம். பேத்தி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சக்கரம் ஒன்று சற்றே கோணல்.

"கடைசல்காரர் ஒழுங்காகத்தான் கொடுத்தார். அச்சுத் துளையை உங்கள் அத்தான் போட்டார்" என்றாள் அக்கா.

"அடுத்த வண்டியில் சரியாக வரும்" என்றார் அத்தான்.

வண்டியைப் பிடித்துக்கொடுக்க அவர் குனிந்தபோது, அக்காவின் பார்வை அவர் கைகளின் மேல் போய்த் திரும்பியதைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் உதடு அசைந்தது. பத்தும் இருந்தன.